கடவுச்சொல் கொடுத்ததும் அணையும் கணினி: உப்புவெளி வீடொன்றில் பத்து நாட்கள்

பின்னணி

திருகோணமலை உப்புவெளியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் உள்ள ஒரு வீடு. ஓய்வுபெற்ற தமிழாசிரியர், அவருடைய மனைவி, மகள், உயர்தரம் படிக்கும் பேரன் என்று நால்வர். 2020இல் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டுச் சூம் வகுப்புகள் தொடங்கியபோது நகரத்தில் வாங்கிய பாவித்த டெஸ்க்டொப் கணினி ஒன்று அங்கே இருக்கிறது. இன்டெலின் மூன்றாம் தலைமுறை ஐ5-3470 செயலி, 8 ஜிபி ராம், ஓர் எஸ்எஸ்டி, ஒரு பழைய ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. அந்தச் செயலி 2012இல் சந்தைக்கு வந்தது. பாகங்களுக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கும் பவர் சப்ளை எந்த ஆண்டுக்குரியது என்று வாங்கியபோது யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்பதும் இல்லை.

காலையில் கணினி ஆசிரியருக்கு. ஊர் அம்மன் கோயிலின் ஆடிப்பூர மலரை அவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார், அதுவும் பாமினி எழுத்துருவில். யூனிகோட் வந்து எத்தனையோ காலமாகியும் இங்கே அச்சகத்தோடு வேலை செய்பவர்கள் பலர் பாமினியை விடவில்லை. இரவில் கணினி பேரனுக்கு. டிசம்பரில் அவன் சேமித்த காசில் திரைக் காட்சிகளை உருவாக்கும் கிராபிக்ஸ் கார்ட் ஒன்றைப் பாவித்ததாக வாங்கிப் போட்டிருந்தான். தனியாக மின்சார வயர் தேவைப்படாத சிறிய கார்ட். ஏழு மாதம் அது எந்தக் குறையும் இல்லாமல் ஓடியது.

உப்புக் காற்றும் தூசியும் படக்கூடாது என்று ஆசிரியரின் மனைவி கணினிப் பெட்டியைக் கதவுள்ள மேசைக்குள் வைத்திருந்தார். முன்னால் கதவு, பின்னால் சுவர். 2025 ஜூலை, கச்சான் என்னும் சூடான வறண்ட காற்று வீசும் காலம். பகலில் வெளியே 34, 35 பாகை. மேசைக்குள் எவ்வளவு என்று, கணினி பழுதுபார்க்கப் போன நான் அளக்கவில்லை. கையை விட்டால் சூடு தெரிந்தது.

முதலாம் நாள்: பார்த்தவை

சனிக்கிழமை பின்னேரம் ஆசிரியர் அழைத்தார். நான் அவரிடம் படித்தவன் இல்லை. ஆனாலும் ஊரில் எல்லோரும் அழைப்பதுபோல எனக்கும் அவர் சேர்தான்.

“தம்பி, கடவுச்சொல் கேட்கிறது, கொடுக்கிறேன். வரவேற்கிறது. உள்ளே கால் வைத்ததும் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளுகிறது.”

அவர் சொன்னது அப்படியே சரியாக இருந்தது. கடவுச்சொல் கேட்கும் திரையில் விட்டுவிட்டுத் தேநீர் குடித்தோம். நாற்பது நிமிடம் கணினி அசையவில்லை. கடவுச்சொல்லைக் கொடுத்ததும் முகப்புத் திரை வந்தது, ஐகன்கள் ஒவ்வொன்றாக நிறைந்தன. பிறகு திரை கறுத்தது. மின்விசிறியின் ஓசை ஒரு கணம் இறங்கி மீண்டும் ஏறியது. உடனே, பாகங்களெல்லாம் பொருந்தும் மதர்போர்ட்டின் சின்னம் தெரிந்தது. நான்கு முறை கைப்பேசியில் நேரம் பார்த்தேன்: 31, 24, 35, 22 விநாடி. விண்டோஸ் பிழை கண்டு விழும்போது காட்டும் நீலத்திரை ஒருமுறைகூட வரவில்லை.

வீட்டுக்காரர்களிடம் விசாரித்தேன். எப்போது தொடங்கியது என்பதற்கு மூன்று பேர் மூன்று கிழமைகளைச் சொன்னார்கள். காரணத்தில் மட்டும் பெரியவர்கள் ஒற்றுமையாக இருந்தார்கள்: பேரனுடைய விளையாட்டு, அதோடு வந்த வைரஸ். பையன் கதவோரம் நின்று, “அண்ணா, நான்கைந்து நாளுக்கு முன் ஒன்றைக் கவனித்தேன். பாட்டு மட்டும் போட்டால் போகாது, படம் பார்த்தால்தான் போகும்” என்றான். அப்போது விளையாட்டு எதுவும் திறந்திருக்கவில்லை என்றும் சொன்னான். தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன். குறிப்பேட்டில் எழுதவில்லை.

அன்று செய்தவை நான்கு.

முதலில் யூபிஎஸ்ஸைக் கழற்றிவிட்டுக் கணினியை நேராகச் சுவர்ப் பிளக்கில் கொடுத்தேன். 2022இல் மின்வெட்டு ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணி நேரம் வரை போனபோதே அந்த யூபிஎஸ்ஸின் பற்றரி செத்துவிட்டது. அதன்பின் அது வெறும் பிளக் பலகையாகத்தான் இருந்தது. கழற்றியும் மாற்றமில்லை.

அடுத்து, தொடக்கத்தை இருமுறை இடையிலேயே நிறுத்திவிட்டு, மூன்றாம் முறை வந்த மீட்புத் திரை வழியாகச் சேஃப் மோடுக்குள் (அத்தியாவசியமானவற்றோடு மட்டும் விண்டோஸ் ஓடும் முறை) போனேன். கணினி ஒரு மணி நேரம் சமர்த்தாக இருந்தது. அந்த இடைவெளியில் மலரின் கோப்புகளையும் குடும்பப் படங்களையும் பென் டிரைவுக்கு எடுத்தேன். இந்த பத்து நாளில் முழு மனதோடு சரியென்று சொல்லக்கூடிய முதல் முடிவு அதுதான்.

அங்கிருந்தபடியே, பிழை வந்தால் தானாக மீண்டும் தொடங்கச் சொல்லும் அமைப்பை நிறுத்தினேன். விண்டோஸ் ஏதோ பிழை கண்டு தானாகவே எழும்புகிறது என்றால், இனி நீலத்திரையோடு நிற்க வேண்டும். சாதாரண முறையில் தொடங்கிப் பார்த்தேன். நிற்கவில்லை. திரை முன்போலவே கறுத்தது.

நான்காவது, கணினியில் நடப்பவற்றை விண்டோஸ் பதிந்துவைக்கும் ஈவென்ட் வியூவர். கேர்னல்-பவர் 41 என்ற பதிவு வரிசையாக இருந்தது. முறையாக அணைக்கப்படாமல் கணினி மீண்டும் தொடங்கியது என்பதை மட்டும்தான் அந்த எண் சொல்லும். காரணத்துக்கான தடயம் விவரப் பகுதியில் உள்ள பக்செக் கோட் என்ற வரியில் இருக்கலாம். விண்டோஸ் தானே விழுந்திருந்தால் பெரும்பாலும் அங்கே ஏதாவது ஓர் எண் வரும். பார்த்த பதிவுகள் எல்லாவற்றிலும் அது 0. விழும்போது விண்டோஸ் எழுதிவைக்கும் டம்ப் கோப்புகள் சேரும் மினிடம்ப் கோப்புறையும் வெறுமை.

ஆக, முதல் நாள் இருட்டுவதற்குள் மூன்று சாட்சிகள் ஒரே பக்கம் விரல் நீட்டின. நீலத்திரை இல்லை, எண் 0, டம்ப் இல்லை. விண்டோஸுக்குச் சாகிறோம் என்று எழுதிவைக்கக்கூட நேரம் கிடைக்கவில்லை என்பதே இதன் பொருள். மின்சாரம் அதன் காலடியிலிருந்து உருவப்பட்டிருக்கிறது.

சேஃப் மோடை நான் படித்த விதம்

அப்படியிருந்தும் மென்பொருள்தான் குற்றவாளி என்று முடிவு செய்தேன். காரணம் சேஃப் மோட். அதில் கணினி நன்றாக ஓடினால் வன்பொருள் நல்லது, விண்டோஸ்தான் பழுது என்பது எங்கள் தொழிலில் கைப்பழக்கமாகிப்போன சூத்திரம். பாதி நேரம் அது சரியாகவும் இருக்கும். மீதிப் பாதியில்தான் ஆளைக் கவிழ்க்கும்.

சேஃப் மோடில் கிராபிக்ஸ் கார்ட்டின் சொந்த டிரைவர், அதாவது அதை இயக்கும் மென்பொருள், ஏறாது. மைக்ரோசொஃப்டின் அடிப்படை டிரைவரில் கார்ட் அரைத்தூக்கத்தில் இருக்கும். தொடக்கத்தில் எழும்பும் நிரல்களும் வராததால் செயலிக்கும் வேலை குறைவு. அதாவது சேஃப் மோட் மென்பொருளை மட்டும் குறைப்பதில்லை, கணினி இழுக்கும் மின்சாரத்தையும் குறைக்கிறது. “சேஃப் மோடில் ஓடுகிறது” என்பதிலிருந்து “டிரைவர் பழுது” என்றும் முடிவெடுக்கலாம், “சுமை தாங்கவில்லை” என்றும் முடிவெடுக்கலாம். எனக்கு அன்று முதலாவது மட்டும் தெரிந்தது.

இன்னும் இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, பெரியவர்களின் விளையாட்டுக் கதை என் காதிலும் புகுந்துவிட்டது. மற்றது அற்பமானது. பெட்டியின் பக்கத் தகட்டைத் திறக்கப் பார்த்தேன். கடல் காற்றில் திருகுகள் துருவேறி இறுகியிருந்தன. ஒன்றின் தலை வழுக்கித் தேய்ந்தது. எண்ணெயும் சரியான திருப்புளியும் என் கடையில் இருந்தன. “நாளைக்குத் திறக்கலாம்” என்று விட்டுவிட்டேன். கணினிக்குள் கண் போகாமல் ஆறு நாள் கடந்ததற்கு அந்த இரண்டு திருகுகள்தான் காரணம் என்று சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் அது உண்மை.

டிரைவர் பழுதாக இருக்கலாம் என்று ஆசிரியரிடம் சொன்னேன். “சாரதியை மாற்றலாம், அதிலொன்றும் இல்லை. வண்டி ஓடுமா என்று பார்த்தாயா தம்பி?” என்றார். அவர் விளையாட்டாகத்தான் சொன்னார்.

இரண்டாம் நாள்: விண்டோஸ் புதிதாக

ஞாயிறு காலை எஸ்எஸ்டியை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட்டேன். முடித்து முகப்புத் திரை வந்தபின் இரண்டு மணி நேரம் காத்திருந்தேன். அணையவில்லை. வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

அன்றிரவு ஆசிரியர் மலரைத் திறந்து பார்த்திருக்கிறார். அறுபது பக்கமும் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குப்பையாகத் தெரிந்திருக்கிறது. பாமினி எழுத்துரு புதிய விண்டோஸில் இல்லை. பாமினியில் தட்டச்சு செய்த கோப்புக்குள் இருப்பது ஆங்கில விசைகள்தான், அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுப்பது எழுத்துரு மட்டுமே. எனக்கு இது தெரியும். அவருக்குச் சொல்லவில்லை. வைரஸ் மலரைத் தின்றுவிட்டது என்று நம்பி அந்த மனிதர் இரவு முழுவதும் தூங்கவில்லை. நேரம் கெட்ட நேரத்தில் என்னை எழுப்பக்கூடாது என்று அழைக்கவும் இல்லை. மறுநாள் காலை எழுத்துருக் கோப்பைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் பதிந்தேன். ஒரு கணத்தில் பக்கம் முழுவதும் தமிழாக மாறியது. அவர் ஒன்றும் பேசவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

ஐந்தாம், ஆறாம் நாட்கள்: மீண்டும் அதே கதை

திங்களும் செவ்வாயும் தொல்லையில்லை. புதன் இரவு பேரன் கார்ட்டின் டிரைவரையும், தொடக்கத்திலேயே தானாக எழும்பும் விளையாட்டு நிரலையும் பதிந்தான். மீண்டும் தொடங்கிக் கடவுச்சொல் கொடுத்தான். 27ஆவது விநாடியில் அணைந்தது. இந்த முறை அவன் தானே நேரம் பார்த்திருந்தான்.

வியாழன் போனேன். டிரைவர்தான் குற்றவாளி என்ற என் எண்ணம் இப்போது இரட்டிப்பாக உறுதிப்பட்டது. டிரைவர் வந்ததும் நோய் வந்தது, இதைவிடச் சாட்சி என்ன வேண்டும்? பழைய பதிப்பைப் போட்டேன், அணைந்தது. அதற்கும் முந்தையதைப் போட்டேன், அணைந்தது. தொடக்க நிரல்கள் எல்லாவற்றையும் நிறுத்தினேன். முகப்புத் திரை நிலைத்து நின்றது. எழுந்து போகலாம் என்றிருந்தபோது பையன், “ஒரு படம் போட்டுப் பார்க்கவா அண்ணா?” என்றான். யூடியூபில் ஒரு காணொளியை முழுத்திரையாக்கினான். இரண்டாவது நிமிடம் திரை கறுத்தது.

முதல் நாள் அவன் சொன்ன வாக்கியம் அப்போதுதான் எனக்குக் கேட்டது. பாட்டுக்குக் கார்ட் வேலை செய்வதில்லை, படத்துக்குச் செய்கிறது. எந்தப் பதிப்பு டிரைவர் என்பதில் ஒன்றுமில்லை. கார்ட் விழித்துக்கொள்வதுதான் பிரச்சினை. கடவுச்சொல் போட்ட அரை நிமிடத்தில் கணினி விழுந்ததும் இதனால்தான். விளையாட்டு நிரல் எழும்பிக் கார்ட்டைத் தட்டுகிறது, அதே நேரத்தில் செயலியும் தொடக்க வேலைகளில் முழு மூச்சில் இருக்கிறது. இரண்டும் சேர்ந்து இழுக்கும் கணம் அது.

அன்றிரவு ராம் சோதனையை ஓடவிட்டு வந்தேன். காலையில் பிழை எதுவும் இல்லை.

ஏழாம் நாள்: பெட்டியைத் திறந்தபின்

வெள்ளிக்கிழமை எண்ணெய், திருப்புளி, மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டர் மூன்றும் கொண்டுபோனேன். திருகுகளுக்கு எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பொறுத்தேன். வழுக்கியதைக் குறட்டால் பிடித்துத் திருப்பினேன்.

கார்ட்டைக் கழற்றித் திரையின் வயரை மதர்போர்ட்டில் செருகினேன். அந்தச் செயலிக்குள்ளேயே சிறிய கிராபிக்ஸ் இருக்கிறது. கணினி எழும்பியது, விளையாட்டு நிரலோடும் படத்தோடும் இரண்டு மணி நேரம் நின்றது. இந்தச் சோதனைக்குத் தேவைப்பட்டது ஒரு திருகும் ஒரு நிமிடமும். முதல் நாளே செய்திருக்கலாம். அதைவிட முக்கியமாக, ஆசிரியர் அந்த நிமிடமே மலர் வேலைக்குத் திரும்பினார். தட்டச்சுக்குக் கார்ட் எதற்கு?

கார்ட்தான் செத்தது என்று இப்போது வீடு தீர்ப்புச் சொன்னது. பையனின் முகம் சுருங்கியது. இந்த இடத்தில் மட்டும் நான் அவசரப்படவில்லை. கார்ட்டை மீண்டும் போட்டு, பயன்படாமல் தொங்கிய வயர் முனையில் மல்டிமீட்டரை வைத்தேன், மஞ்சள் வயருக்கும் கறுப்புக்கும் நடுவே. அங்கே 12 வோல்ற்று இருக்க வேண்டும். கணினிப் பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 5 சதவீதம் ஏறி இறங்கலாம், அதாவது 11.4 முதல் 12.6 வரை. கடவுச்சொல் திரையில் 11.62. முகப்புத் திரை நிறைய நிறைய 11.5, 11.4, 11.2. பிறகு திரை கறுத்தது. மல்டிமீட்டர் மெதுவான கருவி. அது 11.2 காட்டிய கணத்தில் உண்மையில் இன்னும் ஆழமாக இறங்கியிருக்கும்.

பவர் சப்ளையின் வெளிச்சீட்டில் பெரிய எழுத்தில் 450 வாட் என்று இருந்தது. அதன் கீழே, கண்ணைச் சுருக்கிப் பார்க்க வேண்டிய அட்டவணையில், 12 வோல்ற்றுக்கு நேரே 14 அம்பியர். பெருக்கினால் 168 வாட். செயலியும் கார்ட்டும் உண்பது பெரும்பாலும் 12 வோல்ற்றிலிருந்துதான். செயலியின் வெப்ப அளவுக் குறிப்பு 77 வாட். தனி வயர் இல்லாத கார்ட் தன் பங்கை, அது செருகப்படும் மதர்போர்ட் பள்ளத்திலிருந்தே எடுக்கும், அங்கே உச்சம் 75 வாட். கூட்டினால் 152. ஹார்ட் டிஸ்கின் சுழற்சிக்கும் மின்விசிறிகளுக்கும் மதர்போர்ட்டில் ஏற்படும் இழப்புக்கும் மிஞ்சியது 16 வாட். அதுவும் சீட்டில் எழுதியிருப்பது உண்மையாக இருந்து, சப்ளை புதிதாகவும் இருந்தால்.

புதிதாக இல்லை. விசிறிக் கம்பிகளின் ஊடே டோர்ச் அடித்தபோது, கெப்பாசிட்டர்கள் (உயர்தரப் பௌதிகவியலில் படிக்கும் அதே கொள்ளளவிகள்) மூன்றின் தலை பணியாரம்போல உப்பியிருந்தன. ஒன்றின் உச்சியில் பழுப்புப் பொருக்கு. மின்பகுபொருள் நிரப்பிய கெப்பாசிட்டரின் ஆயுள் 10 பாகை வெப்பம் கூடும்போது ஏறக்குறைய பாதியாகும் என்பது தொழிலில் எல்லோரும் பிடிக்கும் கணக்கு. கதவு மூடிய மேசைக்குள் இது ஐந்து கச்சான் பார்த்திருக்கிறது.

ஏன் ஒரேயடியாக அணையாமல் மீண்டும் எழும்பியது என்று ஆசிரியர் கேட்டார். நல்ல கேள்வி. பவர் சப்ளை மதர்போர்ட்டுக்கு “மின்சாரம் சரியாக இருக்கிறது” என்று ஒரு சைகையை இடைவிடாமல் அனுப்பும். மின்னழுத்தம் எல்லைக்குக் கீழே இறங்கினால் சைகை விழும், மதர்போர்ட் அந்தக் கணமே எல்லாவற்றையும் மீளமைக்கும். எல்லாம் நின்றதும் சுமை இறங்கி, மின்னழுத்தம் பழைய நிலைக்கு வந்து, சைகையும் திரும்பும். கணினி ஒன்றும் நடவாததுபோல் எழும்பும். விண்டோஸுக்கு இந்த விவகாரம் எதுவும் தெரியாது.

எட்டாம் நாள் முதல் பத்தாம் நாள் வரை

சனிக்கிழமை கார்ட்டை என் கடைக் கணினியில் போட்டு மூன்று மணி நேரம் வாட்டினேன். அசையவில்லை. பையனுக்கு உடனே அழைத்துச் சொன்னேன்.

பழைய பவர் சப்ளையின் கெப்பாசிட்டர்களை மட்டும் மாற்றலாமா என்று ஆசிரியர் கேட்டார். மறுத்தேன். 230 வோல்ற்று உள்ளே போனால் முதன்மைக் கெப்பாசிட்டரில் ஏறக்குறைய 325 வோல்ற்று தேங்கி நிற்கும், பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சிறிது நேரம் இருக்கும். அந்த ஆபத்தை நான் சமாளித்தாலும், 168 வாட் 168 ஆகவே இருக்கும். 12 வோல்ற்றில் மட்டும் 400 வாட்டுக்கு மேல் தரக்கூடிய ஒன்றைக் கொழும்பிலிருந்து வரவழைத்தேன். இரவு பஸ்ஸில் பார்சலாக வந்து திங்கள் காலை கைக்குக் கிடைத்தது.

மாற்றியபின் கடவுச்சொல் திரையில் 12.08 வோல்ற்று. படமும் விளையாட்டும் ஒன்றாக ஓடும்போது 12.02. மேசையின் பின்பலகையை அறுத்து எடுத்தோம், முன்கதவைக் கழற்றினோம். ஆசிரியரின் மனைவிக்கு இது பிடிக்கவில்லை. உப்புக் காற்றுக்கு என்ன பதில் என்று கேட்டார். மாதம் ஒருமுறை தூசி தட்டுவதைத் தவிர என்னிடம் பதில் இருக்கவில்லை. மெல்லிய துணி ஒன்றை முன்னால் தொங்கவிடுவதில் சமரசம் ஆனது.

அதன்பின் ஆறு வாரம் கழித்து ஈவென்ட் வியூவரைப் பார்த்தேன். 41 என்ற பதிவு ஒன்றே ஒன்று. அன்று மின்சாரம் போயிருந்தது.

அடுத்த முறை மாறுபவை

வீட்டில் விண்டோஸை அழிப்பதற்கு முன் பெட்டியைத் திறப்பேன். திறக்க முடியவில்லை என்றால் அழிக்கவும் மாட்டேன். 41 பதிவில் எண் 0, டம்ப் இல்லை, நீலத்திரை இல்லை என்ற மூன்றும் சேர்ந்து வந்தால், சேஃப் மோட் என்ன சொன்னாலும் முதலில் பவர் சப்ளையின் சீட்டில் 12 வோல்ற்று வரியைப் படிப்பேன். கழற்றக்கூடிய கார்ட் இருந்தால் கழற்றிப் பார்ப்பேன். சோதனைக்கென்று நல்ல பவர் சப்ளை ஒன்று இப்போது பையிலேயே இருக்கிறது, கூடவே எண்ணெய்ப் போத்தலும்.

ஏழு மாதம் நன்றாக ஓடியது என்பதால் கார்ட்டைச் சந்தேகப் பட்டியலிலிருந்து எடுத்ததும் தவறு. டிசம்பரில் வாடைக் குளிரில் போட்ட பாரம் அது. அதைத் தாங்கிய சப்ளை அந்த ஏழு மாதத்தில் கிழடாகிக்கொண்டே இருந்தது.

வீட்டில் யார் எதைச் சொன்னாலும், வயது பார்க்காமல், அவர்கள் வாயில் வந்த சொற்களிலேயே எழுதிக்கொள்கிறேன். பாமினியில் வேலை செய்யும் வீடென்றால் கோப்பை எடுக்கும் முன் எழுத்துருவை எடுக்கிறேன்.

விண்டோஸைப் போட்டதற்குக் கூலி வாங்கவில்லை, அது தேவையற்ற வேலை. ஆசிரியர் வற்புறுத்தினார், நான் பவர் சப்ளையின் விலையையும் ஒரு நாள் கூலியையும் மட்டும் எடுத்தேன். யூபிஎஸ்ஸுக்குப் புதிய பற்றரி இன்னும் போடவில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 உடன் முடிவதாக இருந்தது, இந்தச் செயலி விண்டோஸ் 11இன் பட்டியலில் இல்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது, மலர் அச்சகத்திலிருந்து வரும்வரை கணினியில் யாரும் கைவைக்கக்கூடாது என்று ஆசிரியர் சொல்லிவிட்டார்.